கையால் பின்னும் கல்யாண லேஸ் ஷாலுக்கு மெரினோ கம்பளியா, பட்டா?

50 கிராமில் 400 மீட்டர் வரும் மெல்லிய நூல் என்றால், தோளைப் போர்த்தும் செவ்வக ஷாலுக்கு 800 முதல் 1,000 மீட்டர் வேண்டும். பின்னல் ஊசியின் தடிமன் 3.5 அல்லது 4 மி.மீ. இது இரண்டுக்கும் பொது.

மெரினோ கம்பளி தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், நழுவிய கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) சட்டென்று கீழே ஓடாது. ஊசியிலிருந்து இறக்கும்போது கசங்கிய வலைபோலத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 20 நிமிடம் நீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, விரித்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். ஓட்டைகள் திறந்து, பின்னலில் உள்ள இலை வடிவங்களின் நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெளியும். அந்த விரிப்பு அடுத்த நனைப்புவரை நிற்கும்.

பட்டின் மினுமினுப்பும் வழிந்து விழும் அழகும் கம்பளியில் வராது. ஆனால் பட்டு நீண்டால் மீளாது. கை இறுக்கம் மாறிய இடம் கோடாகத் தெரியும். ஷால் தன் எடையாலேயே தொங்கி நீளும். உலோக ஊசியில் வழுக்கும் என்பதால் மூங்கில் ஊசி நல்லது. 10 வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வழுவழுப்பான வேறுநிற நூலைக் கோத்துவையுங்கள். தவறு வந்து பிரித்தால், பின்னல் அந்த நூலில் நிற்கும்.

முதல் லேஸ் என்றால் தயங்காமல் மெரினோ. மினுமினுப்பும் வேண்டுமென்றால் பாதிப் பட்டு கலந்த நூல். எதுவானாலும் ஒரே சாயத் தொகுதியில் (ஒன்றாகச் சாயமேற்றிய நூல்) மொத்தமாக வாங்குங்கள். வெள்ளையிலும் நிறம் மாறும்.