ரெட்டிசென்ட்டுக்கு அர்த்தம் தேடி: விளக்கமா, எடுத்துக்காட்டு வாக்கியமா?

ஆங்கிலம் ஓரளவு படிக்க வருகிறது, பேசிச் சமாளிக்கவும் முடிகிறது, ஆனால் கனமான சொல் வந்தால் தடுமாற்றம். இப்படிச் சொல்பவர்களுக்கு உடனே கிடைக்கும் அறிவுரை, 'தினமும் பத்துச் சொல் மனப்பாடம் செய்' என்பதுதான். சரி, எதை மனப்பாடம் செய்வது? தமிழ்ப் பொருளையா, ஆங்கில விளக்கத்தையா, அந்தச் சொல் வரும் வாக்கியத்தையா? மூன்றிலும் அடிபட்டவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியை மட்டம்தட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். 'ஆங்கிலத்திலேயே யோசி' என்பார்கள். ஆனால் 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஆளைக் குறிப்பவை. ஆங்கில விளக்கத்தை நாலு முறை படித்தும் எனக்கு வித்தியாசம் மனதில் நிற்கவில்லை. முதலாவது சிக்கனம், அடுத்தது கஞ்சத்தனம் என்று தமிழில் பார்த்ததும் முடிந்தது வேலை. எது பாராட்டு, எது வசவு என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே அகராதி காலை வாரும் இடமும் உண்டு. 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' இரண்டுக்கும் தமிழில் 'குழந்தைத்தனமான' என்றே எழுதி வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் மேலதிகாரிக்கு வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவருடைய 'சைல்டிஷ்' சிரிப்பைப் புகழ்ந்து தள்ளினேன். 'சைல்ட்லைக்' கள்ளமில்லாத தன்மை, 'சைல்டிஷ்' வயதுக்கேற்ற முதிர்ச்சி இல்லாத நடத்தை என்பது அப்போது தெரியாது. படித்துவிட்டு அவர் சிரித்தார். அது எந்த வகைச் சிரிப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் தமிழ்ப் பொருள் காட்டாது. 'அவாய்ட்' என்றால் தவிர். அவ்வளவை வைத்துக்கொண்டு 'அவாய்ட் டு கோ' என்று எழுதிவிடுகிறோம். 'அவாய்ட் கோயிங்' என்று வர வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்' கதையும் இதுதான். தமிழில் ஒரு விஷயத்தைப் 'பற்றி' விவாதிக்கிறோம் அல்லவா, அந்தப் 'பற்றி' ஆங்கிலத்துக்குள்ளும் கூடவே நுழைந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலை நம்மைப் போன்றவர்களுக்காகவே தீர்க்க முயன்றவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். சொல்லின் அர்த்தத்தோடு அதை வாக்கியத்தில் எப்படிக் கட்டுவது என்பதையும் காட்டும் அகராதி ஒன்றை 1942ல் டோக்கியோவில் கொண்டுவந்தார். 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் வேர் அதுதான்.

1978ல் வந்த லாங்மேன் அகராதி வேறொரு நோயைக் குணப்படுத்தியது. சின்ன பாக்கெட் அகராதியில் 'ரெட்டிசென்ட்' பார்த்தால் 'டாசிட்டர்ன்' என்றிருக்கும். 'டாசிட்டர்ன்' பார்த்தால் அதைவிடக் கடினமான ஒன்று. வீட்டு எண் கேட்டுத் தெருத்தெருவாக அலைவது மாதிரி. லாங்மேன், எந்தச் சொல்லுக்கும் சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. புரிந்துகொள்ள இதைவிட வசதி கிடையாது. விலையும் உண்டு: நுணுக்கமான சொற்களின் முனை சில சமயம் மழுங்கிப்போகும்.

எனக்குப் பிடித்தது 1987ல் வந்த கோபில்டு அகராதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், கணினியில் திரட்டிய உண்மையான எழுத்து, பேச்சுக் குவியலிலிருந்து உருவானது. இதில் விளக்கமே முழு வாக்கியம். 'ரெட்டிசென்ட்டாக இருப்பவர் விஷயத்தை வெளியே சொல்லமாட்டார்' என்ற பாணி. சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சின்க்ளேர் அந்தக் குவியலில் கவனித்த ஒன்று சுவாரஸ்யமானது. 'செட் இன்' என்றால் தொடங்கி நிலைகொள்வது. ஆனால் எவையெல்லாம் 'செட் இன்' ஆகின்றன என்று பார்த்தால் அழுகல், சிதைவு, விரக்தி என்று பெரும்பாலும் வேண்டாத சமாச்சாரங்கள். தமிழில் 'பீடிப்பது' மாதிரி. நோய் பீடிக்கும், கவலை பீடிக்கும். மகிழ்ச்சி யாரையும் பீடித்ததாக நாம் சொல்வதில்லை. எந்த விளக்கத்தை உருப்போட்டாலும் இது பிடிபடாது. ஐந்தாறு வாக்கியங்களைப் படித்தால் தானாகவே காதில் ஏறிவிடும்.

அதற்காக வாக்கியம் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். நிஜ உரையிலிருந்து வெட்டியெடுத்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் தெரியாமல் சில நேரம் விழிக்க வேண்டியிருக்கும். அகராதி ஆசிரியர் தானே உட்கார்ந்து எழுதிய வாக்கியம் தெளிவாக இருக்கும், ஆனால் நிஜத்தில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். முதல் அறிமுகத்துக்கு ஆசிரியர் எழுதிய வாக்கியமே மேல். சொல் கொஞ்சம் பழகிய பிறகு நிஜ வாக்கியம்.

தேர்வுக்கான சொற்பட்டியல்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அமெரிக்க மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வில் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்தவரை பட்டியல் மனப்பாடத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. 2011 ஆகஸ்டில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது சொல்லறிவைச் சோதிப்பவை பெரும்பாலும் வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள்தான். பழைய பட்டியலை நகலெடுத்து வைத்துக்கொண்டு உருப்போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பாவம். ஆன்கி போன்ற, அட்டை அட்டையாகக் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் செயலிகளில் போடுவதானாலும் சொல்லை ஒரு பக்கமும் அர்த்தத்தை மறுபக்கமும் போடாமல், வாக்கியத்தைப் போட்டு அந்தச் சொல்லை மட்டும் மறைத்துவிடுங்கள்.

இப்போது என் வரிசை இதுதான்: லாங்மேனில் விளக்கம், கோபில்டில் வாக்கியம், கடைசியில் எனக்கே தோன்றுகிற ஒரு தமிழ்ச் சொல். மூன்றாவதை அகராதியில் தேடுவதில்லை. 'ரெட்டிசென்ட்' பக்கத்தில் 'பின்னால் அபவுட் வரும்' என்று குறித்திருக்கிறேன். அடுத்த வரியில், 'மை ஃபாதர் இஸ் ரெட்டிசென்ட் அபவுட் ஹிஸ் பென்ஷன்.' அதற்கும் கீழே, கமுக்கம்.