சிபேப் மாஸ்க்கோடு இரண்டு வருடம்: வேலையில் என்ன மாறியது?

தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க, காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் (CPAP) மெஷினின் மாஸ்க்கைப் போட்டுத்தான் இரண்டு வருடமாகத் தூங்குகிறேன். அதற்கு முன் மதியம் 3 மணிக் கூட்டங்களில் நான் எழுதிய பழைய குறிப்புகளைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. இரண்டு வரி ஒழுங்காக இருக்கும், மூன்றாவது வரி பாதியிலேயே சரிந்து பக்கத்தின் ஓரம்வரை வெறும் கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். கையில் பேனா இருக்கும்போதே சில நொடி தூங்கியிருக்கிறேன், அது எனக்கே தெரியாது. நான் அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். அலுவலகத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தினமும் எட்டு மணி நேரம் படுக்கிறவனுக்குத் தூக்கக் கோளாறு என்று யாருக்குத் தோன்றும்? குறட்டை திடீரென்று நிற்கிறது, கூடவே மூச்சும் நிற்கிறது என்று மனைவி பயந்துபோய்ச் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனேன். எப்வொர்த் அளவுகோல் என்று எட்டே கேள்வி. 24-க்கு 10-ஐத் தாண்டினாலே பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம், எனக்கு 17. அப்புறம் ஒரு இரவு முழுக்க ஒயர்களோடு படுக்கவைத்துச் சோதித்ததில், மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 30 வந்தாலே தீவிரம். ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நொடி, மூச்சுக்காக மூளை நம்மை உலுக்குகிறது, காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது.

சிபேப் செய்வது ஒன்றுதான்: காற்றழுத்தத்தால் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்துவைக்கிறது. முதல் மாதம் நரகம். வாய் வறண்டது, மூக்குத்தண்டு புண்ணானது, நடுராத்திரியில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்ததே தெரியாமல் தூங்கினேன். மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் மாஸ்க்குக்கு மாறி, ஈரப்பதத்தைக் கூட்டிய பிறகு சரியானது.

இங்கே நான் ஏமாந்த விஷயம் ஒன்று உண்டு. இரவில் நாலு மணி நேரம் மாஸ்க் போட்டாலே மெஷினோடு இணைந்த செயலி பச்சை டிக் காட்டும், நானும் விடிகாலை 3 மணிக்குக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படுப்பேன். ஆனால் கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில்தான் வருகிறது, பலருக்கு மூச்சடைப்பும் அப்போதுதான் மோசமாகிறது. அதாவது தேவைப்படும் நேரத்தில் கழற்றிவைத்திருக்கிறேன்! காலைவரை போட ஆரம்பித்த பிறகுதான் வேலையில் மாற்றம் தெரிந்தது. ஒரே மெயிலை மூன்று தடவை படிப்பது நின்றது, கணக்குத் தாளில் 47-ஐ 74 என்று அடிப்பது குறைந்தது, சின்னக் கேள்விக்கெல்லாம் எரிந்து விழுவதும் போனது.

எல்லாமே திரும்பி வரவில்லை. பெயர்கள் இன்னும் மறக்கின்றன, அதற்கு வயதும் காரணமாக இருக்கலாம். பயணத்தில் ஒரு இரவு மெஷினை விட்டுப் போனேன், மறுநாள் மதியம் பழைய ஆள் அப்படியே திரும்பி வந்துவிட்டான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மாஸ்க்கில் முகத்தில் படும் அந்த சிலிக்கோன் பகுதி தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள். நான் தள்ளிப்போட்டேன், காற்று கசிந்து இரவெல்லாம் கண்ணில் அடித்தது.