சதோபந்த் ஏறத் திட்டமிடுவோர் கவனத்திற்கு: எங்களிடம் தரப்பட்ட போலி அனுமதிக் கடிதம் குறித்து

வரும் மே, ஜூன் மாதங்களிலோ மழைக்காலம் ஓய்ந்த பின்னரோ கர்வால் இமயத்தின் சதோபந்த் சிகரத்துக்குச் செல்ல முன்பணம் கட்டியிருப்பவர்களும் கட்டவிருப்பவர்களும் இதை முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குழுவை ஏமாற்றிய நிறுவனத்தின் மீதான வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய முறையை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. அதே முறையை வேறு சிலரும் கையாளக்கூடும் என்று அஞ்சுகிறேன்.

சதோபந்த் 7075 மீட்டர் உயரம் கொண்டது. கங்கோத்ரி மலைத்தொகுதியில் சௌகம்பாவுக்கு அடுத்த உயரமான சிகரம் இதுதான். 1947-இல் ஆந்த்ரே ரோஷ் உள்ளிட்ட சுவிட்சர்லாந்துக் குழுவினர் இதன் உச்சியை முதன்முதலில் அடைந்தனர். எவரெஸ்ட்டுக்கு முன் ஏறிப் பழக ஏற்ற மலை என்று விளம்பரப்படுத்தி இப்போது பல முகவர்கள் இதை விற்கிறார்கள். அந்த விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதன் தொலைவை. கங்கோத்ரியிலிருந்து போஜ்வாசா 14 கிலோமீட்டர், கங்கோத்ரி பனியாற்றின் முனையான கோமுகம் 18 கிலோமீட்டர். அதற்குப் பிறகு பாதை என்று எதுவும் நிலையாக இருப்பதில்லை. கற்குவியல் மூடிய பனியாற்றைக் கடந்து நந்தன்வனம், அங்கிருந்து சதுரங்கி பனியாற்றைக் குறுக்கே தாண்டி வாசுகி தால் ஏரி என்று சென்றால்தான் அடிவார முகாம் வரும். மேலே முகாம்களுக்கு இடையில் கத்தி விளிம்பு போன்ற பனிமுகடு ஒன்று இருக்கிறது. அதை நிலையாகக் கட்டிய கயிறுகளின் துணையின்றிக் கடக்க முயல்வது மிகவும் ஆபத்தானது. அங்கே ஒருவருக்குக் காலில் அடிபட்டால்கூட, சாலைக்கு வந்து சேர்வது பெரும்பாடு.

இத்தகைய மலைக்கு ஐ.எம்.எஃப். எனப்படும் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். சிகரம் கங்கோத்ரி தேசியப் பூங்காவைக் கடந்து அணுக வேண்டிய இடத்தில் இருப்பதால் உத்தரகாசி வனத்துறையின் அனுமதியும் தனியாக வேண்டும். நாங்கள் பேசிய நிறுவனம் இரண்டையும் தானே பெற்றுத் தருவதாக எழுத்துமூலம் உறுதியளித்தது. கட்டணப் பட்டியலில் சிகரக் கட்டணத்துக்கென ஒரு வரியும், வனத்துறைக் கட்டணத்துக்கென இன்னொரு வரியும் இருந்தன. மொத்தத் தொகையில் முக்கால் பங்கைச் செலுத்திய பின், ஐ.எம்.எஃப். தலைப்புத் தாளில் அச்சிட்டது போன்ற ஒரு கடிதத்தின் நகல் எங்களுக்கு வந்தது. எங்கள் பெயர்கள், சிகரத்தின் பெயர், காலம், வரிசை எண் எல்லாம் அதில் இருந்தன. மூலக் கடிதத்தைக் கேட்டபோது, அது குழுத்தலைவரிடம் கங்கோத்ரியில் ஒப்படைக்கப்படும் என்றார்கள். அது ஒருபோதும் ஒப்படைக்கப்படவில்லை.

கங்கோத்ரியைத் தாண்டியதும் கன்கு என்னுமிடத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. கோமுகப் பாதையில் ஒரு நாளைக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால் ஆவணங்களை அங்கே சரிபார்க்கிறார்கள். நிறுவனத்தின் ஆள் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு தான் மட்டும் உள்ளே போனார். கூட்டம் சேர்ந்தால் அலுவலர் கோபப்படுவார் என்று சொல்லி எங்களை வெளியே நிறுத்தினார். அவர் உள்ளே காட்டியது வாசுகி தால் வரை நடந்து திரும்புவதற்கான சாதாரண நடைப்பயண அனுமதி என்பதை, இறங்கி வரும்போது அதே சாவடியில் இருந்த வனக்காவலர் பதிவேட்டைத் திறந்து காட்டியபோதுதான் அறிந்தோம். ஊர் திரும்பிய பின் கடித நகலை இணைத்து ஐ.எம்.எஃப்.-க்கு எழுதினேன். அந்த எண்ணில் எங்கள் குழுவுக்கு எந்த அனுமதியும் வழங்கப்படவில்லை என்று பதில் வந்தது. சிகரக் கட்டணம் என்று எங்களிடம் வாங்கிய பணம் ஐ.எம்.எஃப்.-ஐச் சென்றடையவே இல்லை.

அனுமதி என்பது வெறும் காகிதம்தானே, மலை எல்லோருக்கும் பொது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு 2022 அக்டோபர் 4 அன்று இதே உத்தரகாசி மாவட்டத்தில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் பயிற்சிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கி, 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. விமானப்படை, மாநிலப் பேரிடர் மீட்புப் படை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, குல்மார்கின் ராணுவப் பனிமலைப் பள்ளி ஆகியவை அந்த மீட்பில் இறங்கின. யார், எத்தனை பேர், எந்த உயரத்தில் என்பதெல்லாம் அந்தப் பயிற்சி நிறுவனத்தின் ஏடுகளில் இருந்தன. எங்கள் நிலை வேறு. அரசு ஏடுகளின்படி நாங்கள் ஓர் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நடைப்பயணிகள். 6000 மீட்டருக்கு மேல் எங்களைத் தேட வேண்டும் என்று எவருக்கும் தெரிந்திருக்காது. அனுமதியற்ற ஏற்றம் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்திருக்கும். பணத்தை இழந்ததைவிட இதுவே என்னைக் கொதிக்க வைக்கிறது.

உபகரணங்களைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அனைவரும் மலையேற்றப் பயிற்சி முடித்தவர்கள் என்பதால், அடிவார முகாமில் மூட்டைகளைப் பிரித்ததும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தோம். இடுப்பில் கட்டும் ஹார்னஸ்களில் தயாரிப்பு ஆண்டு அச்சிட்ட அடையாளச் சீட்டுகள் கத்தரித்து அகற்றப்பட்டிருந்தன. நைலான் ஹார்னஸையும் கயிற்றையும் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் நம்பக்கூடாது என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் விதி. சீட்டைக் கத்தரித்தவருக்கு அந்த விதி நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். கயிறுகளின் மேலுறை வெயிலில் விறைத்திருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனால் சில இடங்களில் உள்ளிழை தட்டையாகக் கையில் அகப்பட்டது. பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முட்சட்டங்களான கிராம்பான்கள் எங்கள் பனிக்காலணிகளின் முனையில் பொருந்தவில்லை. சதோபந்த் உச்சியைப் பலமுறை தொட்டவர் என்று விளம்பரத்தில் அறிமுகப்படுத்தப்பட்ட வழிகாட்டி வரவேயில்லை. அவருக்குப் பதிலாக வந்த இளைஞர், தான் முதல் முகாமுக்கு மேல் போனதில்லை என்று நேர்மையாகச் சொன்னார்.

செயற்கைக்கோள் தொலைபேசி உண்டு என்றும் உறுதியளித்திருந்தார்கள். சமையல் மூட்டைக்குள் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது ஒரு துராயா கருவி. உரிய அனுமதியின்றி இந்தியாவில் துராயா, இரிடியம் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். அதில் பேசுவதற்கான இருப்புத் தொகையும் இல்லை.

பயணத்திட்டத்தில் போஜ்வாசாவிலும் நந்தன்வனத்திலும் உடல் பழகுவதற்கான ஓய்வு நாட்கள் அச்சிடப்பட்டிருந்தன. நடைமுறையில் எங்களை விரட்டியே கூட்டிச் சென்றார்கள். எங்களோடு வந்த சுமைதூக்கிகளை நிறுவனம் அடுத்த வாரமே இன்னொரு குழுவுக்கு ஒப்புக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த பொது விதி. அது மீறப்பட்டதன் விலையை எங்களில் ஒருவர் கொடுக்க நேர்ந்தது. வாசுகி தாலுக்கு அருகில் அவருக்கு இருமல் வலுத்து, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டோம். ஆக்சிஜன் உருளையை எடுத்தால், அதன் வாயில் ரெகுலேட்டரின் மரை பொருந்தவில்லை. கையிலிருந்த நிஃபெடிபின் மாத்திரையைக் கொடுத்து, விடியும்வரை காத்திராமல் அவரைக் கீழே இறக்கினோம். இரவில் சதுரங்கியின் கற்குவியல்கள் மீது அவரை மாறி மாறி முதுகில் சுமந்தவர்கள் நேபாளத்திலிருந்து வந்திருந்த சுமைதூக்கிகள். உயரம் குறையக் குறைய அவருக்கு மூச்சு சீரானது. இப்போது நலமாக இருக்கிறார்.

அந்தச் சுமைதூக்கிகளுக்கு முந்தைய பருவத்தின் கூலியே பாக்கி இருந்தது என்பதையும், அவர்களில் இருவர் கிழிந்த கேன்வாஸ் காலணிகளோடு பனியில் நடந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். எங்கள் புகார் மனுவில் அதையும் எழுதியிருக்கிறோம்.

நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறது. வானிலை காரணமாகவோ உடல்நலக் குறைவு காரணமாகவோ திரும்பினால் பணம் கிடைக்காது என்ற விதியைக் காட்டுகிறார்கள். அனுமதியே பெறாத ஏற்றத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். உத்தரகாசிக்கோ டேராடூனுக்கோ அலைய வேண்டியதில்லை. நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நாங்கள் அவ்வாறே செய்திருக்கிறோம்; போலிக் கடிதம் குறித்துக் காவல்துறையிலும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம்.

நிறுவனம் அனுப்பிய அனுமதிக் கடிதம் உங்களிடம் இருந்தால், அதன் எண்ணையும் உறுப்பினர் பெயர்களையும் குறிப்பிட்டு டெல்லியிலுள்ள ஐ.எம்.எஃப். அலுவலகத்துக்கு நீங்களே நேரடியாக எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கன்கு சாவடியில் நீங்களும் உள்ளே சென்று, உங்கள் பெயருக்கு எதிரே எந்த இடம்வரை அனுமதி என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். கயிறு, ஹார்னஸ், ஆக்சிஜன் உருளை ஆகியவற்றை உத்தரகாசியிலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை உங்கள் முன்னால் மாட்டி வாயுவைத் திறந்து காட்டட்டும். இதே போன்ற கடிதத்தைப் பெற்று ஏமாந்தவர்கள் யாரேனும் இருந்தால், பணம் செலுத்திய ரசீதுகளையும் செய்திப் பரிமாற்றங்களையும் அழித்துவிடாமல் வைத்திருந்து எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த விசாரணைக்கு முன் அவற்றையும் சேர்த்து அளிக்க வழக்கறிஞர் தயாராக இருக்கிறார்.