லினக்ஸ் நிறுவ பென்டிரைவ்: ரூஃபஸா, வென்டாயா?

லினக்ஸ் நிறுவப் பென்டிரைவைத் தயார் செய்யும் மென்பொருள்கள்தான் ரூஃபஸும் வென்டாயும். ஒரே ஒரு கணினியில் ஒரே ஒரு முறை உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போடப் போகிறீர்கள், கையில் விண்டோஸ் இருக்கிறது என்றால் ரூஃபஸ் போதும். ரூஃபஸைக் கணினியில் நிறுவவே தேவையில்லை. திறந்து, லினக்ஸின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டி, ஸ்டார்ட் அழுத்தினால் வேலை முடிந்தது. பென்டிரைவைப் பகுக்கும் முறையை, பழைய கணினிக்கு எம்பிஆர், புதியதற்கு ஜிபிடி என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ரூஃபஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். நாளை மின்ட் என்ற வேறொரு லினக்ஸ் வகையைப் போட வேண்டுமென்றால் பென்டிரைவை மறுபடி அழித்து எழுத வேண்டும்.

வென்டாய் இந்தத் தொல்லையை அடியோடு ஒழித்துவிட்டது. 2020இல் வந்தது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். முதல் தடவை மட்டும்தான் பென்டிரைவை அழிக்கும். அதன்பின் ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டுக் கோப்பு போலக் காப்பி செய்து போட்டால் சரி. என் 32 ஜிபி பென்டிரைவில் உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றும் இருக்கின்றன. பூட் ஆனதும் பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். மீதி இடத்தில் மற்ற கோப்புகளையும் வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வருவது, நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்க விடும் பாதுகாப்பு வசதியான செக்யூர் பூட்டில். அது இயங்கும் கணினியில் வென்டாயை முதலில் செருகும்போது நீலத்திரை வந்து பயமுறுத்தும். பதறாமல் 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' தேர்ந்தெடுத்து, வென்டாயின் சாவிக் கோப்பைக் காட்ட வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு முறைதான்.

நண்பர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர் யாராயினும், நான் வென்டாயைத்தான் சொல்வேன். எதுவானாலும் பென்டிரைவில் இருக்கும் படங்களை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.