கோதுமைப் பாலுக்கு 150 மைக்ரான் பை: எல்லாம் சரி, அந்தத் தையலைத் தவிர

தீபாவளிக்கு வீட்டிலேயே அல்வா கிண்டப் போகிறேன், கோதுமைப் பால் வடிகட்ட நைலான் வலைப்பை வாங்கலாமா, வாங்கினால் எந்த அளவு என்று பாளையங்கோட்டையிலிருந்து மதினி கேட்டார்கள். 200, 150, 75 மைக்ரான் என மூன்றும் எங்கள் வீட்டில் சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன. அவர்களுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணைக் கவனியுங்கள். மைக்ரான் என்பது துளையின் அளவு; ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெஷ் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளை என்ற கணக்கு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். 80 மெஷ் என்றால் சுமார் 180 மைக்ரான், 100 மெஷ் 150, 200 மெஷ் 75. பையில் வெறுமனே '200' என்று மட்டும் அச்சடித்து விற்கிறார்கள். எந்தக் கணக்கு என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

200 மைக்ரானில் பால் வேகமாக இறங்கும். ஆனால் கையால் அழுத்திப் பிழியும்போது பொடித் தவிடும் சேர்ந்து வந்துவிடும். கிண்டி முடித்த அல்வாவில் அது பழுப்புப் புள்ளியாகத் தெரியும், நாக்கிலும் நெருடும். அதற்குப் பயந்து 75-க்குப் போனால் வேறு தொல்லை. கோதுமை மாவுச்சத்தின் பெரிய மணிகளே சுமார் 35 மைக்ரான்தான், ஆகவே 75-இல் தாராளமாக நுழைய வேண்டும். நுழைய விடாமல் தடுப்பது கோதுமையின் பசைப்புரதம் (குளூட்டன்). அது ரப்பர் மாதிரி நீண்டு வலையில் அப்பிக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் கைதான் வலிக்கும்.

150 அருமை. ஊறவைத்து அரைத்த சம்பாக் கோதுமையை இதில் கொட்டி, தண்ணீர் விட்டு மூன்று தடவை பிழிந்தாலும் சக்கை உள்ளேயே நிற்கும். நைலான் பாலைக் குடிக்காது, வேட்டித் துணி குடிக்கும். ராத்திரி சருவத்தில் ஊற்றி வைத்தால் காலையில் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் வெள்ளை வெளேரென்று கெட்டிப் பால். தெளிவை இறுத்துவிட்டு அந்தப் பாலைச் சர்க்கரையோடும் நெய்யோடும் கிண்டினால் அல்வா கண்ணாடியாக வருகிறது. வடிகட்டுவதைப் பொறுத்தவரை இதைவிட நல்ல சாமான் எங்கள் அடுக்களையில் இல்லை. ஒன்று மட்டும்: கொதிக்கிற நெய்யை இதில் வடிகட்டாதீர்கள், நைலான் தாங்காது.

என் ஆத்திரமெல்லாம் தையல்மேல். அடிவிளிம்பை உட்பக்கம் இரண்டாக மடித்துத் தைத்திருக்கிறார்கள். அந்த மடிப்புக்குள் பசையும் தவிடும் போய் அடைந்துகொள்ளும். பையைப் புரட்டிக் குழாயடியில் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்த பை, அடுத்த முறை நனைந்தவுடன் புளித்த வாடை அடிக்கிறது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அரைத்து, கை ஓயப் பிழிகிற பால். அதில் அந்த வாடை ஏறினால் எனக்குப் பொறுக்கவில்லை. அடிக்கும் விலைக்கு ஒரு விளிம்பை ஒழுங்காக முடிக்க முடியாதா? சில தொழிற்சாலை வடிகட்டிப் பைகளில் விளிம்பைத் தைக்காமல் சூட்டிலேயே ஒட்டுகிறார்கள். சமையலுக்குத் தைப்பவர்களும் அதைச் செய்யலாம்.

போன தடவையும் அதே வாடை வந்ததால் இப்போது எனக்கு மனசு ஆறவில்லை. 150-ஐ இவ்வளவு புகழ்ந்த பிறகும் மதினியிடம், இந்தத் தீபாவளிக்குப் பை வேண்டாம், வீட்டில் கிடக்கும் பழைய மல் வேட்டியை வெந்நீரில் அலசி, இரண்டாக மடித்துக் கட்டிப் பிழியுங்கள் என்றே சொல்லிவிட்டேன். கொஞ்சம் பால் துணியோடு போகும், போகட்டும். விளிம்பு ஒட்டிய பை எங்காவது கிடைத்தால் 150 மைக்ரானில் இரண்டாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று எனக்கு.