கருக்கலைப்பு வீதம்: பதிவேடா, வைத்தியசாலை விடுதிக் கணக்கா, பெண்களிடமே கேட்பதா?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே இங்கே கருக்கலைப்புப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. நாளொன்றுக்கு 658 என்று பத்திரிகைகளில் சுற்றிவரும் எண்ணும் ஒரு மதிப்பீடுதான். யாரும் எண்ணிப் பார்த்ததல்ல.

இருக்கிற வழிகளில் கட்டாயப் பதிவேடே முதல்தரம். பின்லாந்தில் ஒவ்வொரு கருக்கலைப்பும் பெண்ணின் தனிநபர் இலக்கத்தோடு பதிவாகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வைத்தியர் 14 நாட்களுக்குள் எச்.எஸ்.ஏ.4 என்ற கருக்கலைப்பு அறிவிப்புப் படிவத்தை அனுப்பவேண்டும். ஆனால் சட்டம் அனுமதித்தால் மட்டும் போதாது, அறிவிப்பதும் கட்டாயமாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் மாநிலங்கள் விரும்பினால்தான் கணக்குத் தரும், கலிபோர்னியா தருவதேயில்லை. 2020இல் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சி.டி.சி. சொன்னது 620,327. சேவை வழங்குநர்களிடம் நேரே கேட்ட குட்மாக்கர் நிறுவனம் சொன்னது 930,160.

கொழும்பில் கையில் கிடைப்பது அரச வைத்தியசாலைகளின் ஐ.எம்.எம்.ஆர். திரட்டு, அதாவது விடுதி நோயாளர்களின் நோய், இறப்புக் கணக்கு. இது எங்கே பிசகுகிறது என்று பார்க்க, விடுதியிலிருந்தே தொடங்கவேண்டும். இரத்தப்போக்கோடு வந்தவருக்குக் கருப்பையைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பும்போது, பெட் ஹெட் ரிக்கெட் எனும் நோயாளர் குறிப்பேட்டில் ‘முழுமையடையாத கருச்சிதைவு’ என்று எழுதுவார்கள். தானாகக் கலைந்ததா, கருக்கலைப்பு மாத்திரை போட்டதா என்று எழுத எவருக்கும் அவசரமில்லை. எழுதினால் பொலிஸ் வரும் என்ற பயமும் உண்டு. பதிவறையில் அது ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டின் ஓ03 (தானாகக் கலைந்தது) ஆகிறது. விபரம் போதாவிட்டால் ஓ06 (வகை குறிப்பிடாதது). மருத்துவக் கருக்கலைப்புக்கான ஓ04ஐ மட்டும் எடுத்து ‘கருக்கலைப்பு’ என்று வரைபடம் போடுபவர்கள் தங்களையே ஏமாற்றுகிறார்கள். ஓ03 முதல் ஓ06 வரை கூட்டியே பார்க்கவேண்டும். அப்போதும் கிடைப்பது சிக்கலோடு விடுதிக்கு வந்தவர்களின் எண்ணிக்கையே தவிர கருக்கலைப்பு வீதமல்ல.

இன்னும் இரண்டு ஓட்டைகள். திரட்டு எண்ணுவது ஆட்களையல்ல, விடுவிப்புகளை: ஆதார வைத்தியசாலையிலிருந்து கொழும்பின் காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டவர் இரண்டு தடவை எண்ணப்படலாம். தனியார் வைத்தியசாலைக்குப் போனவரோ கணக்கிலேயே இல்லை.

விடுதிக்கு வரும் ஒருவருக்கு மொத்தம் எத்தனை கருக்கலைப்புகள் என்று ஒரு பெருக்கியை வைத்து, இந்த எண்ணை அதால் பெருக்கி மொத்தத்தை மதிப்பிடுவது மூன்றாவது வழி. மாத்திரை பரவினால் சிக்கல்கள் குறையும், விடுதிக்கு வருவோரும் குறைவர். பழைய பெருக்கியையே வைத்திருந்தால் கருக்கலைப்பே குறைந்ததுபோலத் தெரியும். இந்தியாவில் 2015இல் நடந்ததாக மதிப்பிடப்பட்ட 1.56 கோடியில் 73 வீதம் வைத்தியசாலைக்கு வெளியே, மாத்திரையால். அந்த மதிப்பீட்டுக்கு மாத்திரை விற்பனைத் தரவும் தேவைப்பட்டது. கறுப்புச் சந்தையில் மாத்திரை ஓடும் நாட்டில் அதற்கு எங்கே போவது?

பெண்களிடமே கேட்கலாம், ஆனால் மறைமுகமாக. ஒரு குழுவுக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள், மற்றதற்கு அதே நான்கோடு கருக்கலைப்பு பற்றிய ஐந்தாவது. எத்தனை பொருந்தும் என்ற எண்ணை மட்டும் சொன்னால் போதும். முதல் குழுவின் சராசரி 1.90, மற்றதன் சராசரி 1.96 என்று வந்தால் வித்தியாசம் 6 வீதம்; ஐந்தாவது வாக்கியம் பொருந்துவோரின் பங்கு அதுதான். சிக்கல் மாதிரியின் அளவில்தான்: பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் நியமவிலகல் 1 என்றால், குழுவுக்கு 1,000 பேரை வைத்தாலும் பிழை எல்லை ஏறத்தாழ ±9 வீதப்புள்ளி. ஆளை ஆளறியாத நகரத் தொடர்மாடிகளில் இதைச் செய்யலாம். ஆனால் குடும்பநல மாதுவைக் கொண்டு கேட்கவைத்தால் பதில் கெட்டுவிடும். நாளைக்கும் அவர் அதே கதவைத் தட்டப்போகிறவர்.

ஐ.எம்.எம்.ஆரைத்தான் பயன்படுத்துவதென்றால் கொழும்பு மாவட்ட எண்ணை அந்த மாவட்டத்துப் பெண்களின் தொகையால் வகுக்கவேண்டாம். அது வைத்தியசாலை இருக்கும் இடத்தின் கணக்கு. கம்பஹாவிலிருந்து வந்தவரும் அதற்குள்தான் இருக்கிறார்.