திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் ஒரு பழைய சலூன்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து சிறிது தூரம் ஒழுங்கைக்குள் நடந்தால், பெயர்ப்பலகையின் எழுத்துகள் வெயிலில் வெளிறிப்போன ஒரு சலூன் வரும். இரண்டு சுழல்கதிரைகளும் ஒரு நீண்ட வாங்கும் ஓரங்களில் ரசம் போன நிலைக்கண்ணாடியுமே அதன் தளபாடங்கள். கடையின் உரிமையாளருக்குக் கடந்த மாதம் எண்பது வயது நிறைந்தது. கதிரையின் கைகளுக்குக் குறுக்கே பலகை வைத்து அதன்மேல் என்னை இருத்திய நாளிலிருந்து நான் அவரிடமே தலைமயிர் வெட்டி வருகிறேன். ஆகையால் இதை முற்றிலும் நடுநிலையான மதிப்பீடு என்று எவரும் கொள்ள வேண்டியதில்லை.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஐயா உள்ளங்கையால் தலையை ஒருமுறை முழுவதும் தடவிப் பார்ப்பார். மயிர் எப்பக்கம் சாய்கிறது, சுழி எங்கே விழுகிறது, பழைய தழும்பு ஏதும் உண்டா என்பதையெல்லாம் அந்த ஒரு தடவலிலேயே அறிந்துகொள்வார். “தம்பிக்கு உச்சியிலை ரெண்டு சுழி. கட்டையா வெட்டினால் எழும்பி நிக்கும்” என்று எனக்கு அவர் சொன்னதை, அதற்கு முன்னும் பின்னும் நான் கொழும்பில் தலை கொடுத்த எந்தக் கடையிலும் எவரும் சொன்னதில்லை. பிடரியை ஒழுங்குபடுத்த மட்டுமே மின்சார மெசினைத் தொடுவார். மற்றதெல்லாம் சீப்பும் கத்தரிக்கோலும்தான். சவரத்துக்குப் புதிய பிளேட்டை நம் கண்முன்னே இரண்டாக முறித்துப் பூட்டுவார். முதலில் மயிர் வளரும் திசையில் வழித்து, மறுபடி நுரை பூசி, இரண்டாம் முறை குறுக்காக வழித்தபின், நனைத்த சீனாக்காரக் கட்டியைத் தாடை நெடுகத் தேய்த்து விடுவார். மடக்குக் கத்தியைத் தீட்டிய தோல்வார் இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதைப் பற்றிக் கேட்டால், “கத்திக்குப் பென்சன் குடுத்திட்டன், எனக்குத்தான் இன்னும் இல்லை” என்பார்.

குறைகளும் உண்டு. நேரம் முன்பதிவு செய்யும் வழக்கம் இல்லை. இளைஞர்கள் கைத்தொலைபேசியில் காட்டும் புதுப் பாணிகளை அவர் ஏறெடுத்தும் பாராமல் பக்கத்துக் கதிரையில் வேலை செய்யும் பெறாமகனிடம் அனுப்பிவிடுவார். ஒரு தலைக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் எடுப்பதால், அவசரக்காரருக்கு இந்தக் கடை ஒத்துவராது.

பதினான்கு வயதில் இன்னொருவரின் கடையில் தொழில் பழகத் தொடங்கியவர் அவர். சாதியின் பேரால் பொது இடங்களில் அனுமதி மறுப்பதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது என்றாலும், அறுபதுகளிற்கூட யாழ்ப்பாணத்தின் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடித்தான் நுழைய வேண்டியிருந்தது. சலூன்களிலும் எல்லோரையும் கதிரையில் இருத்தவில்லை. தமக்கென்று கடை திறந்தபோது, வந்த ஒழுங்கில்தான் ஆட்கள் கதிரையில் ஏறுவார்கள் என்று அவர் தீர்மானித்தார். அதனால் சில பெரிய மனிதர்கள் கடையை விட்டுப் போனார்கள் என்பதை அவர் வருத்தமின்றியே சொல்வார். தம்மைவிட இருபது வயது இளையவர்களும் தம்மை “வா, போ” என்று அழைத்த காலம் அது என்பதை மட்டும், கேட்டாலொழியச் சொல்லமாட்டார்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை, சவர்க்காரமும் அரிது. கையால் அழுத்தும் மெசினைக் கொண்டு, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கடை நடந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமப் பகுதியே பெயர்ந்து அயலிலுள்ள தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் எடுத்துச் சென்றது தொழிற்கருவிப் பெட்டி ஒன்றைத்தான். சாவகச்சேரியில் ஒரு மரத்தடியில், பேன் பிடித்த பிள்ளைகளின் தலைகளைக் காசு வாங்காமல் வழித்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கடையின் கூரை இல்லை, கதிரைகள் இருந்தன. நான் பலகையில் இருந்த கதிரையும் அவற்றுள் ஒன்று.

பிறந்தநாளுக்கு வாடிக்கையாளர்கள் சிலர் சேர்ந்து பொன்னாடையும் மாலையும் கொண்டுபோனோம். “ஆயிரம் பிறை கண்ட ஐயா” என்று ஒருவர் வாழ்த்தத் தொடங்கியதும் அவர் இடைமறித்தார்: “எண்பது முடிஞ்சு இன்னும் பத்து மாசம் கிடக்கு, அவசரப்படாதேங்கோ.” கணக்குப் பார்த்தோம், சரிதான்: ஆயிரம் முழுநிலவு காண எண்பது ஆண்டும் ஏறத்தாழப் பத்து மாதமும் வேண்டும். பின்னர் அவரை வற்புறுத்தி அவருடைய கதிரையிலேயே இருத்திப் பெறாமகனைக் கொண்டு தலைமயிர் வெட்டுவித்தோம். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பெறாமகனின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். முடிந்ததும் எழுந்து, கத்தரிக்கோலை வாங்கி, தமது இடது காதோரத்தைத் தாமே ஒரு தடவை நறுக்கிச் சரிசெய்தார். பெறாமகன் சிரித்தான், ஐயா சிரிக்கவில்லை.

தலைமயிர் வெட்ட 400 ரூபா, சவரத்துடன் 600 ரூபா. மாநகரின் குளிரூட்டப்பட்ட கடைகளோடு பார்க்கையில் இது குறைவு. செவ்வாய்க்கிழமை பூட்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாங்கில் இடம் கிடையாது. ஐயாவின் கைதான் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் வாங்கில் இருந்து பத்திரிகை வாசிப்பார், வெட்டுவது பெறாமகன்தான்.